ஒன்றரை பென்ஸுக்கு ஒரு வெள்ளிக் காசு! காரணம் நம்ம 'பணம்'

[திரையில்: விரல் நுனியில் ஒரு குட்டிக் காசு]

இந்தக் காசைப் பாருங்கள். குறுக்களவு 12 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் மாதிரி. எடை முக்கால் கிராம்கூட இல்லை. பக்கத்தில் யாராவது தும்மினால் தேட வேண்டியதுதான். ஆனால் அசல் வெள்ளி. ஒரு பக்கம் இங்கிலாந்து அரசர் நான்காம் வில்லியம். மறுபக்கம் ஒரு கிரீடம், 1½ என்ற எண், கீழே 1834. எந்த ஊரில் செல்லும் என்று அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

இங்கிலாந்துக் கடைவீதிக்காக அடித்த காசு இல்லை இது. கப்பலேறி இலங்கைக்குப் போனது. அது சரி, அதென்ன ஒன்றரை பென்ஸ்? அரையும் குறையுமாக ஒரு காசை யார் கேட்டார்கள்?

பின்னணியை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1796இல் கொழும்பு ஒல்லாந்தரிடமிருந்து, அதாவது டச்சுக்காரர்களிடமிருந்து, ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கொடி மாறியது, கணக்கு மாறவில்லை. ஒரு ரிக்ஸ்டாலருக்கு 48 ஸ்டைவர் என்ற ஒல்லாந்தர் கணக்கிலேயே புது ஆட்சியும் காசு அடித்தது. 1803இல் தொடங்கிய வரிசையில் வெள்ளிக் காசுகள் 24, 48, 96 ஸ்டைவர். அதாவது அரை, ஒன்று, இரண்டு ரிக்ஸ்டாலர். எல்லாவற்றிலும் ஒரு யானை. அப்புறம் 1821இல் நான்காம் ஜார்ஜ் தலையும் யானையுமாக ஒரு வெள்ளி ரிக்ஸ்டாலர் வந்தது. ஆங்கிலேயர் இலங்கைக்கு அடித்ததிலேயே அழகான காசு அதுதான் என்பேன். சண்டைக்கு வருபவர்கள் கமெண்டில் வரலாம்.

1825இல் இங்கிலாந்தின் ஷில்லிங், பென்ஸ் கணக்கான ஸ்டெர்லிங் வந்தது. ஒரு ரிக்ஸ்டாலருக்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று விலை வைத்தார்கள். ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஆக, 18 பென்ஸ்.

இப்போதுதான் விஷயமே. சந்தையில் சனங்கள் எண்ணியது ஷில்லிங்கையும் அல்ல, பென்ஸையும் அல்ல. ஃபனம்! ரிக்ஸ்டாலருக்கு 12 ஃபனம். 18ஐ 12ஆல் வகுத்துப் பாருங்கள். ஒன்றரை!

ஃபனம் வேறு எதுவுமில்லை, நம்ம 'பணம்'தான். இன்று பணம் என்றால் பொதுவாகச் செல்வம். அன்று அது ஒரு குறிப்பிட்ட சிறு காசின் பெயர். ஐரோப்பியர் வாயில் 'ப' போய் 'ஃப' ஆனது, அவ்வளவே. அந்த ஒரு பணத்துக்குச் சரியாக ஈடு கொடுக்கத்தான் லண்டன் நாணயச்சாலை ஒன்றரை பென்ஸ் அடித்தது. சந்தைக்காரி கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை, சாம்ராஜ்யம் மாற்றிக்கொண்டது. இதைப் படித்த அன்று நான் வீட்டில் எல்லோரையும் பிடித்து வைத்துச் சொன்னேன். யாரும் அசரவில்லை. அதனால்தான் இந்த வீடியோ.

இதே காசு ஜமைக்காவுக்கும் போனது. அங்கே ரியால் என்ற ஸ்பானிய வெள்ளிக் காசில் காலுக்கு ஈடு. அது வேறு கதை.

1862 வரை இந்த வகை அடிக்கப்பட்டது, 1838 முதல் விக்டோரியா தலையுடன். 1872இல் ரூபாய்–சதம் கணக்கு வந்து எல்லாவற்றையும் ஓரங்கட்டியது.

போவதற்கு முன் ஒன்று. ஒல்லாந்தரின் சின்னஞ்சிறு செப்புக் காசுக்கு அவர்கள் மொழியில் 'டாய்ட்' என்று பெயர். அது நம்மிடம் வந்து என்ன ஆனது தெரியுமா? துட்டு! நாம் பணத்தைக் கொடுத்துத் துட்டை வாங்கியிருக்கிறோம்.

உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்? துட்டா, காசா, சல்லியா? கீழே எழுதுங்கள், ஊர்ப் பெயரோடு.