"அடிக்காம இருந்தா போதும்": ஒரு அண்ணன் கேட்ட கேள்வி

வணக்கம். ஒரு அண்ணன் அனுப்பின கேள்வி இந்த வாரம் பூரா மனசை விட்டுப் போகலை. "தங்கச்சியை மாப்பிள்ளை அடிக்கிறார். ஆனா அவரை ஜெயில்ல போட வேண்டாம், அடிக்காம இருந்தா போதும்னு தங்கச்சி சொல்லுது. வீடும் மாமியார் பேர்ல இருக்கு. ஏதாவது வழி இருக்கா?"

இருக்குங்க. தங்கச்சி கேக்கிறதைத்தான் 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் கொடுக்குது. 2006 அக்டோபர் 26-லேர்ந்து நடைமுறையில இருக்கு. தொடர்ந்து பார்க்கிறவங்களுக்கு இது பழசு, இருந்தாலும் மறுபடி சொல்றேன்: எஃப்.ஐ.ஆர். வேற, இந்தச் சட்டத்துல போடுற மனு வேற. இது கைதுல ஆரம்பிக்கிறதில்லை. அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, வேலை பார்க்கிற இடத்துக்குப் போய்த் தொல்லை கொடுக்கக் கூடாதுன்னு மாஜிஸ்திரேட் பாதுகாப்பு உத்தரவு போடுவார். அதை மீறினாத்தான் குற்றம். அதுக்கு ஒரு வருஷம் வரை சிறை, இல்லை 20,000 ரூபாய் வரை அபராதம், இல்லை ரெண்டுமே.

வீடு விஷயம். மாமனார், மாமியார் பேர்ல இருந்தாலும், மருமக குடும்பமா வாழ்ந்த வீடுன்னா அதுல குடியிருக்கிற உரிமை கேக்கலாம்னு 2020-ல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. வீடு அவங்களுக்குச் சொந்தமாயிடாது, ஆனா சட்டப்படி இல்லாம பிடிச்சு வெளியே தள்ள முடியாது.

மனு கொடுக்க மாவட்ட சமூக நலத்துறையில பாதுகாப்பு அலுவலர்னு ஒருத்தர் இருப்பார். நடந்ததைக் கேட்டு, குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதி கோர்ட்டுக்கு அனுப்புவார். செலவில்லை. நேரடியாவும் மனு போடலாம். அம்மா வீட்டுல தற்காலிகமா தங்கியிருந்தா அந்த ஊர் கோர்ட்டே போதும். வக்கீலுக்குப் பணம் இல்லைன்னா இலவசச் சட்ட உதவி எண் 15100-ஐக் கூப்பிடுங்க. பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவசச் சட்ட உதவி உண்டு.

இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. மனுவை 60 நாள்ல முடிக்கப் பார்க்கணும்னு சட்டம் சொல்லுது, நடைமுறையில இழுக்கும். அதனால 23-ஆவது பிரிவுல இடைக்கால உத்தரவையும் மனுவோட சேர்த்தே கேளுங்க, பிரமாணப் பத்திரமும் வைங்க. அவசரம்னு மாஜிஸ்திரேட்டுக்குப் பட்டா, எதிர்த்தரப்பு வர்றதுக்கு முன்னாடியே உத்தரவு போட முடியும். கேக்காம விட்டுட்டு, மாசக்கணக்கா அதே வீட்டுல அதே அடியை வாங்கிட்டிருக்கிறது கொடுமை.

அடுத்தது தேதி. எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது, தேதி எழுதுங்க. "தினமும் அடிக்கிறார்"னு எழுதினா குறுக்கு விசாரணையில நிக்காது. எந்தத் தேதி, ராத்திரி எத்தனை மணி, எதால அடிச்சார், எங்க பட்டுச்சு, யார் சத்தம் கேட்டாங்க, அப்படி எழுதுங்க. போட்டோ அன்னைக்கு ஒண்ணு, ரெண்டு மூணு நாள் கழிச்சு ஒண்ணு எடுங்க, ஏன்னா கன்னிப்போன காயம் பிறகுதான் நல்லாத் தெரியும். ஏ.டி.எம். கார்டைப் பிடுங்கி வைக்கிறது, நகையை அடகு வைக்கிறது, இதெல்லாமும் அந்தச் சட்டத்துல வன்முறைதான். அதையும் குறிங்க.

ஆஸ்பத்திரியில "வழுக்கி விழுந்துட்டேன்"னு மட்டும் சொல்லாதீங்க. டாக்டர் அதையே ஏ.ஆர்.ல, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டுல, எழுதுவார், நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் கையில அதுதான் ஆயுதம். போலீஸ்ல மனு கொடுத்தா சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவை வாங்கிக்கிட்டதுக்கான ரசீது, வாங்காம கிளம்பாதீங்க.

ஒண்ணே ஒண்ணு, இதுக்குக் காத்திருக்கவே கூடாது. கழுத்தை நெரிச்சிருந்தா, அது ஒரு தடவைன்னாலும், அந்தப் பொண்ணு அங்க இருக்க வேண்டாம். பின்னாடி கொலை வரைக்கும் போற வீடுகள்ல முன்கூட்டியே தெரியுற பெரிய அபாய அறிகுறி அது. வெளியே தடம் இல்லைன்னாலும் டாக்டரைப் பார்க்கணும், உள்வீக்கம் மணிக்கணக்கு கழிச்சும் வரும். அவசர உதவிக்கு 112, இல்லைன்னா பெண்கள் உதவி எண் 181 கூப்பிடுங்க. வெளியே வந்துட்டா வீட்டு உரிமை போயிடாது, உச்ச நீதிமன்றம் 2022-ல அதையும் தெளிவாக்கியிருக்கு.

அண்ணா, நீங்க சட்டம் கேட்டீங்க. "அண்ணனா நான் என்ன செய்யணும்"னு நீங்க கேட்டிருந்தா எனக்கு இன்னும் சந்தோஷமா இருந்திருக்கும். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா"ன்னு வீட்டுல யாரும் சொல்லாமப் பார்த்துக்கோங்க, அப்படிச் சொல்லிட்டா அடுத்த அடியைத் தங்கச்சி உங்ககிட்ட சொல்லாது. ஆதார், கல்யாணப் பதிவு, பாஸ்புக், குழந்தை பிறப்புச் சான்றிதழ் நகலெல்லாம் உங்ககிட்ட இருக்கட்டும். போட்டோக்களும் உங்க போனுக்கு வரட்டும், தங்கச்சி போனை மாப்பிள்ளை பார்க்கலாம். "அம்மாவுக்குச் சுகர் ஏறிடுச்சா"ன்னு தங்கச்சி கேட்டா நீங்க உடனே கிளம்பி வரணும்னு ஒரு குறிப்பு வார்த்தை பேசி வைங்க. தங்கச்சி சம்மதம் இல்லாம நீங்களா போய் மாப்பிள்ளையை மிரட்டாதீங்க. நீங்க திரும்பி வந்ததும் கதவு சாத்தினப்புறம் அந்தக் கோபம் தங்கச்சி மேலதான் இறங்கும்.