வாத்தியார் கச்சேரி

வணக்கம் நேயர்களே. நிலையத்தார் கூப்பிட்டு, "உங்கள் ஊர் இசைப்பள்ளியில் ஆசிரியர்களே சேர்ந்து கச்சேரி செய்தீர்களாமே, அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள்" என்றார்கள். சரி என்றேன். நான் மேடைப் பேச்சாளன் இல்லை, மிருதங்கம் சொல்லிக் கொடுக்கிறவன். பேச்சு முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள், தாளம் மட்டும் போகாது.

எங்கள் ஊர் மலேசியாவில், பெராக் மாநிலத்து சுங்கை சிப்புட். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள் பாதிப் பேர் தாமான் என்கிற குடியிருப்பு வீட்டுக்கு வந்துவிட்டார்கள், தோட்டத்துக் கோயிலில் வெள்ளிக்கிழமை தவறாமல் நடந்த பஜனையும் அவர்களோடு சிதறிப் போய்விட்டது. எங்கள் பள்ளி கடைத்தெருவில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கிறது. கீழே மோட்டார் பட்டறை. மேலே வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், ஞாயிற்றுக்கிழமை காலையில் திருமுறை. கட்டணம் குறைவு, கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையையும் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. சொல்லிக் கொடுக்கிற யாருக்கும் இது முழுநேர வேலையும் இல்லை. வாய்ப்பாட்டு டீச்சர் பகலில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, வயலின் மாஸ்டர் வேலை முடிந்து ஈப்போவிலிருந்து காடி ஓட்டி வருகிறவர், நான் தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறவன்.

கச்சேரி யோசனை எப்படி வந்தது தெரியுமா? வாய்ப்பாட்டில் மூன்றாம் கிரேடு பாஸ் செய்த ஒரு பையன், நல்ல குரல், நல்ல மார்க், டீச்சரிடம் வந்து, "டீச்சர், வர்ணத்துக்கு அப்புறம் என்ன இருக்கு?" என்று கேட்டான். அடுத்த பாடம் எது என்று கேட்கிறானாக்கும் என்று டீச்சர் முதலில் நினைத்தார். விசாரித்துப் பார்த்தால் பையன் பிறந்ததிலிருந்து ஒரு முழுக் கச்சேரிகூடக் கேட்டதில்லை. அவனை மட்டும் சொல்லி என்ன, வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஆண்டு விழாவில் தானே பாடியிருக்கிறான், கூடப் படிக்கிறவர்கள் பாடியதைக் கேட்டிருக்கிறான். இதெல்லாம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது மட்டும் தெரியாது. நாங்கள் வருஷக்கணக்கில் ரொட்டி சானாய்க்கு மாவு பிசையச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம், ஒரு துண்டைக்கூட வாயில் வைத்துப் பார்க்க விடவில்லை.

முதல் பாடம் சரளி வரிசை, மாயாமாளவகௌளை ராகத்தில். புரந்தரதாசர் வகுத்த வழி என்று சொல்லித்தான் எல்லோருக்கும் தொடங்குகிறோம். ஸ ரி க ம என்று ஏறும்போது ஸ்வரங்களுக்கு நடுவில் எத்தனை இடைவெளியோ, அதே இடைவெளிதான் ப த நி ஸ என்கிற மேல்பாதியிலும். ஆரம்பக் குரலுக்கு இது நல்ல பிடிமானம். அப்புறம் ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், ஸ்வரஜதி, வர்ணம். படிக்கட்டில் குறை ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தக் காலத்தில் சீடன் படிக்கட்டை மட்டும் ஏறவில்லை, குருவின் தம்பூராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனான், அவர் பின்னால் உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாகக் கேட்டான். அந்தக் கேள்வி ஞானம்தான் அவனைப் பாடகனாக்கியது. எங்களிடம் வருகிற பிள்ளைக்கு வாரத்தில் ஒரு மணி நேரம், அதிலும் பத்து நிமிஷம் செருப்பைத் தேடுவதில் போய்விடும்.

கோலாலம்பூரில் கச்சேரி உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது. எத்தனையோ மலேசியப் பிள்ளைகள் அங்கே பாட்டும் ஆட்டமும் கற்றிருக்கிறார்கள். ஆனால் எங்கள் ஊரிலிருந்து போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், திரும்பி வர அதே அளவு, கச்சேரி முடியவே ராத்திரி பத்தாகிவிடும், அப்பாவுக்குக் காலையில் வேலை. யூடியூப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு விரலால் தள்ளிவிடுகிறார்கள், சாகித்யம் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுகிற ஆலாபனை சூடு பிடிப்பதற்குள் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படியென்றால் நாமே பாடிவிடலாம் என்று பேச்சு எழுந்தபோது முதலில் பின்வாங்கியது ஆசிரியர்கள்தான். வாய்ப்பாட்டு டீச்சர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "பிள்ளைங்களுக்குப் பாடிப் பாடியே என் பாட்டு தேஞ்சுபோச்சு மாஸ்டர்." வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவைக் குறைத்து, ஸ்வரத்தை நேராக, கோடு போட்ட மாதிரி பாடிக் காட்ட வேண்டியிருக்கிறது. அசைத்துப் பாடினால் பிள்ளை திணறிப்போகும். சாயங்காலம் முழுக்க இப்படிப் பாடிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தனக்கென்று ஒரு தோடியையோ காம்போதியையோ எடுத்தால் குரல் அந்த நேர்க்கோட்டிலேயே நிற்கிறதாம். எனக்கும் அதே கதைதான். வகுப்பு முழுக்க தா தீ தொம் நம் என்று ஆமை வேகத்தில் தட்டுகிற கை, திடீரென்று ஒரு கோர்வையை, அதாவது கணக்குப் போட்டுக் கோத்த சொற்கட்டை, வேக காலத்தில் வாசி என்றால் மல்லுக்கட்டும். அதனால் நான் சொல்வேன், இந்தக் கச்சேரி பிள்ளைகளைவிட எங்களுக்குத்தான் அவசர மருந்து. வருஷத்துக்கு ஒரு தடவையாவது மேடை ஏறாத இசை ஆசிரியர், தெரிந்ததையே சொல்லிக் கொண்டிருக்கிறவராக மெல்ல மெல்ல மாறிவிடுவார்.

வகுப்பு முடிந்து, பட்டறையும் சாத்திய பிறகு, கொசுவர்த்தி கொளுத்தி வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தோம். எந்தப் பாட்டு என்பதில்தான் சண்டையெல்லாம். பள்ளிக் குழுவில் ஒரு பெரியவர், நல்ல மனிதர், "நடுவில் ரெண்டு சினிமாப் பாட்டு போட்டால் கூட்டம் வரும்" என்றார். மாட்டோம் என்றோம். இன்னொருவர், எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்றார். தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கமே கண்டார்கள், அந்த வழக்கு கடலைத் தாண்டி எங்கள் மாடி வரைக்கும் வந்துவிட்டது பாருங்கள்! என் கருத்து இதுதான்: பிள்ளைகள் வகுப்பில் படிக்கிற தெலுங்கு வர்ணமும் இருக்கட்டும், கேட்பவர்களுக்கு வார்த்தை நேராகப் போய்ச் சேர்கிற தமிழ்ப் பாட்டும் நிறைய இருக்கட்டும். கடைசியில் அப்படித்தான் முடிவானது. வரிசை என்னவோ அந்தக் காலத்துப் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போட்டுத் தந்த தடம்தான். முதலில் வர்ணம், பிறகு சின்ன உருப்படிகள், நடுவில் விரிவாக ஒரு ராகம், அதன் வாலில் மிருதங்கம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம், அப்புறம் லேசான பாட்டுகள், மங்களம். நாங்கள் எல்லாவற்றையும் இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கினோம்.

அன்றைக்கு சாயங்காலம் பார்த்து மழை. பெராக் மழை தெரியுமல்லவா, பக்கத்துத் தகரக் கூரையில் விழுந்தால் பேச்சே கேட்காது. மழையும் மிருதங்கத் தோலும் ஜென்மப் பகை. காற்றில் ஈரம் ஏறியதும் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். பெண்குரலுக்கு ஐந்து கட்டை என்கிற உயர்ந்த சுருதி, அதற்கு நீளம் குறைந்த மிருதங்கம், அதைக் கொண்டுவந்து வைத்தால் வலந்தலை, அதாவது வலது பக்கத்துத் தோல், சுருதியில் கீழே போய் உட்கார்ந்திருக்கிறது. கல்லை எடுத்து, ஓரத்துப் பின்னலை மேலிருந்து கீழாகத் தட்டித் தட்டி ஏற்றினேன். ஓரிடத்தில் ஏறினால் எதிர்ப்பக்கம் இறங்குகிறது, சுற்றிச் சுற்றி வரவேண்டும், கொஞ்சம் மீறிவிட்டால் கீழிருந்து மேலாகத் தட்டி இறக்க வேண்டும். இடது பக்கம் தொப்பிக்கு ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து நடுவில் அப்பினேன். முன்வரிசையில் சம்மணம் போட்டிருந்த ஒரு குட்டிப் பெண், "மாஸ்டர், அது உப்புமாவா?" என்றாள். உப்புமா மாதிரிதான், ஆனால் அது இல்லாவிட்டால் அந்தப் பக்கம் 'தொம்' என்று அடங்கி ஒலிக்காது என்று வாசித்துக் காட்டினேன், ரவையோடு ஒரு தடவை, ரவையைச் சுரண்டிவிட்டு ஒரு தடவை. வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், அன்றைக்குத்தான் அத்தனை பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

மைக் வைக்கவில்லை. அறுபது பேர் உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிற அறைக்கு மைக் எதற்கு? பொன்னாடையும் கிடையாது. நம் நாட்டில் எந்தத் தமிழ் நிகழ்ச்சிக்குப் போனாலும் பாட்டைவிடப் பொன்னாடைக்கும் வரவேற்புரைக்கும்தான் நேரம் அதிகம் போகிறது. நாங்கள் ஆளுக்கொரு குவளைத் தண்ணீரோடு உட்கார்ந்து தொடங்கிவிட்டோம்.

வர்ணத்துக்கும் முன்னால் ஒரு தேவாரம், சம்பந்தரின் 'தோடுடைய செவியன்'. நட்டபாடைப் பண், கம்பீரநாட்டை ராகத்தில் பாடுவது வழக்கம். திருமுறை வகுப்புப் பிள்ளைகள் திருமுறை ஓதும் விழாவுக்காக மனப்பாடம் செய்து வைத்திருக்கிற பதிகம். டீச்சர் அதைப் பாடி முடித்து, அதே ராகத்தில் நாலு ஆவர்த்தனம் ஸ்வரம் பாடினார். ஞாயிறு வகுப்பும் சனிக்கிழமை வகுப்பும் ஒரே வீட்டின் இரண்டு அறை என்பதை எந்த விளக்கமும் இல்லாமல் பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். அடுத்து வந்த மோகன வர்ணம் எல்லோருக்கும் பழகியது. டீச்சர் இரண்டாம் காலத்துக்கு, அதாவது இரட்டை வேகத்துக்குத் தாவியதும், முன்வரிசையில் கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்த வாய்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. வயலின் மாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு கோபாலகிருஷ்ண பாரதியின் 'வருகலாமோ', மாஞ்சி ராகம். பண்ணையில் கூலி வேலை செய்த நந்தன் ஆண்டையிடம் கெஞ்சிக் கெஞ்சி அனுமதி வாங்கி, சிதம்பரம் வந்து, உள்ளே போக முடியாமல் வெளியே நின்று கேட்கிற பாட்டு. கதையை டீச்சர் இரண்டே வரியில் சொன்னார். பின்வரிசையில் பேரப்பிள்ளையை அழைத்து வந்திருந்த ஒரு தாத்தா, பால்மரம் வெட்டிய கை, சத்தமாகவே சொன்னார்: "எங்க தோட்டத்துக் கிராணி, அந்த ஆபீஸ் கணக்கரும் தைப்பூசத்துக்கு லீவு கேட்டா இப்படித்தான் இழுத்தடிப்பாரு." ஒரே சிரிப்பு. பாட்டு தொடங்கியதும் சிரிப்பு நின்றது. கர்நாடக இசை நமக்கு எட்டாத ஒன்று என்று தோட்டத்து ஆட்களிடம் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அவரைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

நடு உருப்படிக்குக் கல்யாணி. ஆலாபனையில் மேல் ஸட்ஜத்தை நெருங்கும்போது டீச்சர் ஓரிடத்தில் நின்றார். கண்ணை மூடி, அதே பிடியை இன்னொரு தடவை பாடி, வேறு பக்கமாகத் திரும்பி, மேலே போய்ச் சேர்ந்தார். வயலின் அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. கேட்கிறவர்களுக்கு அது ஒரு மூச்சு நேரம்தான். அடுத்த சனிக்கிழமை அந்த மூன்றாம் கிரேடு பையன் நேரே வந்து, "டீச்சர், அந்த இடத்துல ஏன் நின்னீங்க, மறந்துட்டீங்களா?" என்று கேட்டான். "மறக்கிறதுக்கு அங்க எழுதி வச்ச பாட்டு எதுவும் இல்லடா, அடுத்து எங்க போறதுன்னு தேடினேன்" என்றார் டீச்சர். அன்றைக்கு வகுப்பே நடக்கவில்லை, ஒரு மணி நேரமும் அதைப் பற்றித்தான் பேச்சு. மனோதர்மம், அதாவது அந்தந்த நேரத்துக் கற்பனையில் பாடுவது என்பதை அதுவரைக்கும் கிரேடு பரீட்சைக்கு ஒரு மார்க் கேள்வியாகத்தான் அவர்கள் படித்திருந்தார்கள்.

தனி ஆவர்த்தனம் நான் வாசித்ததை நானே புகழ முடியாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், தனி வந்தால் எழுந்து தேநீர் குடிக்கப் போகிற வழக்கம் சென்னையில் மட்டும் இல்லை, பெராக்கிலும் உண்டு. நாலைந்து பெற்றோர்கள் படியிறங்கினார்கள். பிள்ளைகள் அசையவில்லை, ஆதி தாளத்தைத் தொடையில் போட்டுக்கொண்டே வந்தார்கள். நடையை, அதாவது ஓர் அடிக்குள் விழுகிற எண்ணிக்கையை மாற்றியதும் பாதிப் பேர் தாளத்தைத் தொலைத்துவிட்டு, டீச்சரின் கையைப் பார்த்துப் பார்த்து மறுபடி வந்து சேர்ந்தார்கள். தொலைத்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை.

எல்லோருக்கும் பிடித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ரொம்ப நீளம் என்று சொன்னவர்களும் உண்டு. மிருதங்கம் படிக்கிற ஒரு பையன் உறுமி மேளத்துக்குப் போகப் போகிறேன் என்றான். போ, வாரத்துக்கு ஒரு நாள் இங்கேயும் வா என்றேன். உறுமியை இளக்காரமாகப் பார்க்கிற மிருதங்க வித்வான்களோடு எனக்கு ஒத்துப்போகாது. தைப்பூசத்தில் அவன் வாசிக்கிற லயமும் கணக்குத்தான்.

தெலுக் இந்தானிலோ, கூலிமிலோ, கோலசிலாங்கூரிலோ இந்த மாதிரிச் சின்னப் பள்ளி நடத்துகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டிலிருந்து வித்வானை வரவழைக்கப் பணம் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், சேர்ந்தால் அதையும் செய்யுங்கள். ஒரு பாட்டு, ஒரு வயலின், ஒரு மிருதங்கம், கைப்பேசியில் ஒரு சுருதிச் செயலி போதும். அந்தக் கைப்பேசியை மட்டும் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், எங்களுக்கு மாஞ்சியின் நடுவில் யாரோ வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்பினார்கள், அதுவும் ராத்திரி எட்டு மணிக்கு!

அடுத்தது தீபாவளி விடுமுறை முடிந்து வைத்திருக்கிறோம். இந்தத் தடவை வயலின் மாஸ்டர் நடுவில் உட்காருகிறார், டீச்சர் தம்பூரா. நடு ராகத்தைப் பிள்ளைகள் சீட்டுக் குலுக்கி எடுக்கப் போகிறார்கள், எது வந்தாலும் வாசிக்க வேண்டும் என்பது ஏற்பாடு, மாஸ்டர் இப்போதே புலம்பிக்கொண்டிருக்கிறார். ஏழு மணிக்குத் தொடக்கம், ஆனால் ஆறரைக்கே வாருங்கள், சுருதி சேர்ப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு மார்க்கெட்டுக்குப் போகிற பெற்றோர்கள் அன்றைக்கு ஒரு நாள் மாடி ஏறி வாருங்கள், நாற்காலி குறைவு, பாய் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.