ஃபர்ஸ்ட் குரூப் எத்தனை கிலோமீட்டர்?

(பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றில், பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்தன்று நடந்த பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். தக்காளி பறிப்பை விட்டுவிட்டு, சொசைட்டியில் பால் ஊற்றின கையோடு நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்கள் பலரை எனக்குத் தெரியும். உங்கள் அரை நாள் கூலி போய்விட்டது என்பதும் தெரியும். அதை மனதில் வைத்துத்தான் பேசுகிறேன்.

முன்னால் பேசிய ஐயா, அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைச் சொன்னார். தகடூர் என்ற இந்தத் தர்மபுரி மண்ணில் மேடை போட்டால் அந்தக் கனி வந்தே தீரும். எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. தொண்டைமானோடு போர் மூளும் என்ற நேரத்தில், அதியமான் தூது அனுப்பியது அவ்வையைத்தான். ஒரு பெண்ணின் அறிவை நம்பி, இங்கிருந்து காஞ்சி வரைக்கும் அனுப்பி வைத்தான். அதே ஊரில், ஒரு பெண் பிள்ளையைப் பதினோராம் வகுப்பு அறிவியல் குரூப்புக்காகப் பதினான்கு கிலோமீட்டர் அனுப்ப இன்றைக்கு நாம் யோசிக்கிறோம். யோசிக்கிற பெற்றோரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்கள் யோசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

அதற்கு முன்னால் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் உயர்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்த காலம். எட்டாம் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்காருவாள். நோட்டைத் திறந்தால் கணக்கெல்லாம் சரியாக இருக்கும். எழுப்பிக் கேட்டால் வாய் திறக்க மாட்டாள். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்துப் பல். பழுப்புக் கோடும் திட்டுமாக இருக்கும். வெளியூரில் நம் பிள்ளைகள் வாயைத் திறந்தால் பல்லைப் பார்த்துவிட்டு “தர்மபுரியா?” என்று கேட்டவர்கள் உண்டு.

ஒரு நாள் அவள் ஈறெல்லாம் ரத்தம் கசிந்து வீங்கியிருந்தது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். செங்கல்லைத் தட்டித் தூளாக்கி, அதை வைத்துத் தேய்த்திருக்கிறாள். “எவ்வளவு தேய்ச்சாலும் அழுக்கு போகலை மிஸ்” என்றாள்.

அன்றைக்கு நடத்த வேண்டிய பாடத்தை மூடி வைத்துவிட்டு, போர்டில் ஒரு ஆழ்துளைக் கிணற்றை வரைந்தேன். நம் காலுக்குக் கீழே இருக்கும் பாறையில் ஃபுளூரைடு இருக்கிறது. போர்வெல் ஆழமாகப் போகப் போக, பாறையிடுக்கில் நெடுநாள் தேங்கிக் கிடந்த தண்ணீர்தான் மேலே வருகிறது. ஃபுளூரைடு அதில் கரைந்து வருகிறது. குடிக்கிற தண்ணீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம். அதற்கு மேல் போனால், பல் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் வயதிலேயே எனாமலைக் கெடுத்துவிடும். ஏறக்குறைய எட்டு வயதுக்குள் நடந்து முடிந்துவிடும் காரியம் அது. வெளியே வந்த பல்லைச் செங்கல்லால் தேய்த்தாலும் சாம்பலால் தேய்த்தாலும் கறை போகாது, ஏனென்றால் அது அழுக்கே இல்லை. இன்னும் அதிகமாகி, வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பைப் பிடிக்கும். முதுகு வளையாது, முழங்கால் மடங்காது. நம் பாட்டிமார்கள் எத்தனை பேர் அப்படி நடந்தார்கள்! வயசு என்று நினைத்துக்கொண்டோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்கும் வந்ததே, அது இதற்காகத்தான். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பு, அதாவது இந்தப் பல், எலும்பு நோயைத் தடுப்பது, என்பது இருக்கிறது.

சொல்லி முடித்ததும் அந்தப் பிள்ளை எழுந்தாள். அந்த வருஷத்தில் அவளாக எழுந்து கேட்ட முதல் கேள்வி: “அப்போ என் தம்பிக்கு எந்தத் தண்ணி குடுக்கணும் மிஸ்?”

தம்பிக்கு அப்போது மூன்று வயது. தன் பல் இனி மாறாது என்று புரிந்த அதே நிமிஷத்தில் தம்பியின் பல்லைக் காப்பாற்ற முடியும் என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. அடுத்த வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் இரண்டு குடம். ஒன்றின் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. அது ஒகேனக்கல் தண்ணி, குடிக்கவும் உலை வைக்கவும். ரிப்பன் இல்லாதது போர்த் தண்ணி, பாத்திரம் கழுவவும் மாட்டுக்கும். படிக்காத அவள் பாட்டிகூடக் குடம் மாறாமல் மொண்டார்.

பெண் பிள்ளைக்கு அறிவியல் எதற்கு என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அந்த ரிப்பனைத்தான். நம் வீடுகளில் தண்ணீர் எடுப்பது யார், உலை வைப்பது யார், பிள்ளைக்கு ஊட்டுவது யார்? அவளுக்குத் தெரிந்தால் வீட்டுக்கே தெரியும்.

சரி, ஆர்வம் இருக்கிறது. அப்புறம் என்ன ஆகிறது?

முதலில் ஆய்வகத்தைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆய்வகத்துக்குப் பெரிய பூட்டு. சாவி பீரோவில், பீரோ சாவி இன்னொருவரிடம். பப்ளிக் பரீட்சைக்குப் பத்து நாள் முன்னால்தான் கதவு திறக்கும். செய்முறைக்கு 20 மதிப்பெண். அது எப்படியும் வந்துவிடும் என்று எல்லாருக்கும் ஒரு நிம்மதி. மதிப்பெண் வந்தது. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் பியூரெட் குழாயைக் கையில் பிடித்தே பார்க்காமல் வேதியியலில் 90க்கு மேல் வாங்கின பிள்ளைகளை நானே அனுப்பி வைத்திருக்கிறேன். கல்லூரியில் முதல் நாள் ஆய்வகத்தில் கை நடுங்கி நின்றதாக அவர்கள் வந்து சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு வாரா வாரம் திறந்தேன். அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். பையன்கள் பாய்ந்து வந்து கருவியை எடுப்பார்கள். பெண் பிள்ளைகள் பின்னால் நின்று அளவை எழுதுவார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லாரும் அவர்களிடமே நோட்டைக் கொடுத்துவிடுவார்கள். ஒருத்தியைக் கேட்டேன், கரைசலை அளந்து எடுக்கும் பிப்பெட் குழாயை ஏன் தொட மாட்டேன் என்கிறாய் என்று. “உடைஞ்சா யாரு காசு கட்டுறது மிஸ்?” என்றாள். வீட்டில் தம்ளர் உடைந்தால் திட்டு வாங்கியே பழகின கை. அன்றைக்கே ஒரு பழைய பிப்பெட்டை எடுத்து, அவர்கள் முன்னால் மேஜை விளிம்பில் தட்டி உடைத்தேன். “இதோ உடைஞ்சிடுச்சு. என்ன ஆச்சு? கூட்டி அள்ளிட்டு அடுத்ததை எடு.”

அங்கே செய்யும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். பெர்மாங்கனேட் என்ற ஊதாக் கரைசலைப் பியூரெட்டில் நிரப்பி, கீழே கூம்புக் குடுவையை வைத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஊதா நிறம் விழுந்த இடத்திலேயே மறைந்துகொண்டே வரும். மறைகிறதே என்று வேகமாகத் திறந்தால் போச்சு, குடுவை முழுக்க ஊதா. மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு சொட்டாக விட்டால், ஒரு சொட்டில் குடுவை முழுக்க வெளிறிய ரோஜா நிறம் வந்து அப்படியே நிற்கும். அந்த ஒரு சொட்டைத் தன் கையால் பிடித்த பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். முதல் தடவை யாருக்கும் வராது. இரண்டாவது, மூன்றாவது தடவையில்தான் அளவு ஒத்துவரும். அதனால்தான் அளவு எழுதும் அட்டவணையிலேயே மூன்று வரி போட்டிருக்கிறார்கள்.

தப்பு பண்ண இடம் கொடுக்க வேண்டும். 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் சிறிய ராக்கெட் ஒன்று முதல் தடவையாகப் போனது. அதில் ஆசாதிசாட் என்ற சின்ன செயற்கைக்கோள் இருந்தது. நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகளிலிருந்து 750 பெண் பிள்ளைகள் சேர்ந்து அதற்கான கருவிகளைச் செய்திருந்தார்கள். நம் மதுரைப் பக்கம் திருமங்கலத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். ராக்கெட் சரியான பாதையில் விடவில்லை. செயற்கைக்கோள் வீணாய்ப் போனது. அதோடு விட்டுவிட்டார்களா? ஆறு மாதம் கழித்து, 2023 பிப்ரவரி 10, இரண்டாவதைச் செய்து அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தது. கோடிக்கணக்கில் செலவான ராக்கெட்டே ஒரு தடவை தவறலாம் என்றால், நூற்றுச் சொச்சம் ரூபாய்க் கண்ணாடிக் குழாய்க்கு நாம் ஏன் பிள்ளையைப் பயமுறுத்துகிறோம்?

இப்போது தூரத்துக்கு வருகிறேன். என் மனதை அறுப்பது இதுதான்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம், பள்ளி வராந்தாவில் பெற்றோர் நிற்பார்கள். எல்லா மேல்நிலைப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் கிடையாது. ஒரு ஊரில் அக்கவுண்ட்ஸும் தொழிற்பிரிவும் மட்டும் இருக்கும். கணிதம் இயற்பியல் வேதியியல் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப் அடுத்த டவுனில் இருக்கும். அறிவியலில் 95 வாங்கின பிள்ளை, பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதில் சேருகிறாள். அவள் தேர்ந்தெடுத்தாள் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். தேர்ந்தெடுத்தது பஸ். ஐந்தரைக்கு ஒரு பஸ், அதை விட்டால் எட்டு மணிக்கு. ஸ்பெஷல் கிளாஸ் ஆறு மணிக்கு முடியும். மெயின் ரோட்டில் இறங்கி, விளக்கில்லாத இரண்டு கிலோமீட்டர் நடை. எந்தத் தாய் அனுப்புவாள்? கொஞ்சம் வசதி இருக்கிறவர்கள் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் போடுகிறார்கள். அதுவும் பெரும்பாலும் பையனைத்தான்.

பெண்ணையே தனியார் பள்ளிக்கு மாற்றுகிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் எல்லாவற்றிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் தனி இடம் 2021லிருந்து இருக்கிறது, மருத்துவத்துக்கு 2020லிருந்து. அந்த இடத்தில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு முடிய அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பதினொன்றில் மாற்றினால் அந்தக் கதவு மூடிவிடும். ஐந்து வருஷம் பக்கத்து அரசுப் பள்ளியில் நன்றாகப் படித்துவிட்டு, ஊரில் அறிவியல் குரூப் இல்லை என்ற ஒரே காரணத்தால் இடம் மாறி, அந்தச் சலுகையை இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அப்பா வந்து கேட்டபோது எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

பத்தோடு நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டாம். ஒரு வருஷம் வீட்டில் இருந்தால் மாப்பிள்ளைப் பேச்சு வந்துவிடும். 18 வயதுக்குள் கல்யாணம் சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு போன் போதும். ஆனால் போன் பண்ணுகிற நிலைமைக்கு முன்னாலேயே அவள் வகுப்பறையில் இருந்தால் நல்லது.

2011 மக்கள்தொகைக் கணக்கில் தர்மபுரி மாவட்டத்தில் எழுத்தறிவு பெற்ற ஆண்கள் நூற்றுக்கு 77 பேர், பெண்கள் 60 பேர். மாநில அளவில் பெண்கள் 73. அந்தப் பதிமூன்று பேர் எங்கே போனார்கள்? களை எடுக்கப் போனார்கள், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் சிலரே அவர்கள்தான்.

ஆதித்யா எல்1 திட்டத்துக்கு இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். சூரியனைப் பார்க்க 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு கலத்தை அனுப்பின அம்மா. அவருக்குத் திறமை இருந்தது, உழைப்பு இருந்தது, எல்லாம் சரி. கூடவே, செங்கோட்டையிலேயே அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி இருந்தது. அங்கே படித்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரிக்குப் போனார். நம் பக்கம் பர்கூரில் அரசுப் பொறியியல் கல்லூரி 1994லிருந்து இருக்கிறது. கல்லூரி கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின இரண்டு வருஷம்தான் எட்டவில்லை.

ஓசூர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளிலும், போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலையிலும் நம் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். சம்பளத்தை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தலை நிமிர்ந்து நடக்கிறார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. என்னிடம் படித்த ஒருத்தி லீவில் வந்தபோது சொன்னாள்: “மெஷின் நின்னா நாங்க கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும் மிஸ். சரி பண்ண இன்ஜினியர் வருவாங்க. அவர் என்ன பண்றாருன்னு எட்டி எட்டிப் பார்ப்பேன்.” அந்த எட்டிப் பார்க்கிற பிள்ளைக்கு ஃபர்ஸ்ட் குரூப் கிடைத்திருந்தால்?

இப்போது நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், கிராம சபை கூடும். போங்கள். தண்ணீரைப் பற்றிப் பேசுங்கள், அதோடு ஐந்தரை பஸ்ஸை ஆறேகாலுக்கு மாற்றச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். மெயின் ரோட்டிலிருந்து ஊர் வரைக்கும் தெருவிளக்கு கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, அதில் பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். வாரம் ஒரு நாள் திறக்கச் சொல்லுங்கள். இந்த ஊர்ப் பள்ளிக்கு அறிவியல் குரூப்பும் அதற்கான ஆசிரியர் பணியிடமும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஒரு தடவையில் வராது, திரும்பத் திரும்ப எழுதிக் கொடுங்கள். அது வருகிற வரைக்கும் டவுனில் அரசு மாணவியர் விடுதி இருக்கிறது. நாலு தாய்மார்கள் சேர்ந்து ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள், குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, சோறு எப்படி என்று பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். கூட வர நான் தயார்.

வரும்போது வீட்டுத் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டு வரச் சொல்லியிருந்தோம். கொண்டு வந்தவர்கள் பெயரும், போரா குழாயா என்பதும் எழுதி ஒட்டிவிட்டீர்களா? இதோ இந்த மேஜையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் தயாராக நிற்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கிற மருந்தைச் சேர்த்தால், ஃபுளூரைடு குறைவாக இருக்கிற தண்ணீர் இளஞ்சிவப்பாக நிற்கும், அதிகமாக ஆக மஞ்சளுக்குப் போகும். நான் தொட மாட்டேன், அவர்களே செய்வார்கள். முதல் பாட்டில் யாருடையது? வாங்கம்மா, முன்னால் வாங்க.