மீன்ல ஈயமா? எந்த பாகத்துல, காஞ்சதா பச்சையா?

வணக்கம் மக்களே, லேப்லேருந்து பேசுறேன், பின்னாடி ஆசிட் புகையை வெளிய இழுக்குற ஃபியூம் ஹூட் ஓடுது அதான் இந்த இரைச்சல், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. ட்ரேல இருக்கறது ஏரியில புடிச்ச ஜிலேபி மீன், இதுல ஈயம், காட்மியம், குரோமியம் எவ்ளோ ஏறியிருக்குன்னு பாக்கப் போறோம்.

கத்தி வெள்ளையா இருக்குல்ல, செராமிக். எவர்சில்வர் கத்தியிலயே 10 சதவீதத்துக்கு மேல குரோமியம் இருக்கு, அதால அறுத்துட்டு அப்புறம் குரோமியம் வந்தா அது மீனோடதா கத்தியோடதான்னு எவன் சொல்றது? பீக்கர் எல்லாமே ராத்திரி பூரா 10% நைட்ரிக் ஆசிட்ல ஊறுனதுதான்.

செவுள், ஈரல், கிட்னி, சதை எல்லாம் தனித்தனி. முழு மீனை ஒண்ணா அரைச்சிடாதீங்க ப்ளீஸ். ஈரல்லயும் கிட்னிலயும் மெட்டலோத்தயோனின்னு ஒரு புரோட்டீன் காட்மியத்தை இறுக்கிப் புடிச்சு வச்சுக்கும், அங்க நம்பர் எகிறும், நாம குழம்புல போடுற சதைல பெரும்பாலும் கம்மியாதான் வரும்.

அப்புறம் ஓவன்ல காயவச்சு பொடி பண்ணி, அரை கிராம் எடுத்து நைட்ரிக் ஆசிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஊத்தி சூடு பண்ணா பழுப்பா புகை வரும், மூக்கை கிட்ட கொண்டு போயிடாதீங்க, புகை அடங்கி தண்ணியாட்டம் தெளிஞ்சதும் வடிகட்டி ஏஏஎஸ் மெஷின்ல (எந்த உலோகம் எவ்ளோன்னு ஒளியை வச்சு அளக்குறது) விடணும். மீனே போடாத பிளாங்க் ஒண்ணும் கூடவே ஓடணும், அப்பதான் ஆசிட்லேருந்தோ பீக்கர்லேருந்தோ உலோகம் வந்திருந்தா தெரியும்.

இப்ப மெயின் மேட்டர். காஞ்ச பொடில கிலோவுக்கு 1 மில்லிகிராம் ஈயம் வருதுன்னு வைங்க, கோடெக்ஸ்ங்கற சர்வதேச உணவுத் தர அமைப்போட லிமிட் 0.3, உடனே ஐயோ மூணு மடங்குன்னு வாட்ஸ்அப்ல சுத்த ஆரம்பிச்சிடும். ஆனா அந்த 0.3 பச்சை மீனுக்குங்க! சதைல 80% பக்கம் தண்ணி, அப்போ 1ஐ அஞ்சால வகுத்தா 0.2, லிமிட்டுக்குள்ளதான் இருக்கு. காஞ்ச எடையா பச்சை எடையான்னே போடாத ஆராய்ச்சிப் பேப்பரைப் பாத்தா எனக்கு செம கடுப்பாகும்.

பாதரசம் மட்டும் இந்த ரூட்டுக்கு வராது. ஓவன்ல வச்சா கொஞ்சம் ஆவியா ஓடிடும், அதனால பச்சையாவே மூடின வெசல்ல கரைச்சு கோல்டு வேப்பர், அதாவது குளிர் ஆவி முறையில பாக்கணும். அதுபோக பாதரசம் மெத்தில் மெர்குரிங்கற கரிம வடிவத்துல சதைலயே போய் உக்காந்துக்கும். கொடைக்கானல்ல பாதரசக் கழிவு பிரச்சினையில தெர்மாமீட்டர் ஃபேக்டரியை 2001ல மூடுனாங்கல்ல, அதுக்கப்புறம் கொடைக்கானல் ஏரி மீனையும் எடுத்து பாதரசம் டெஸ்ட் பண்ணாங்க. அந்த மாதிரி கேஸ்ல குடலையும் ஈரலையும் எடுத்துட்டா போதும், தோலை உரிச்சிட்டா போதும்ங்கற கதையெல்லாம் செல்லாது.