சயனைடு இல்லாமல் பித்தளை முலாம்

வணக்கம் நண்பர்களே. இந்த இரும்புத் தகட்டைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், பாருங்கள். இடது ஓரம் தீய்ந்து கறுத்திருக்கிறது. அதை ஒட்டிச் சாம்பல், அப்புறம் நல்ல மஞ்சள், வலது ஓரம் போகப் போகச் செம்பு நிறம். இத்தனையும் ஒரே கரைசலில் ஒரே தடவையில் ஏறிய முலாம்.

பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும் சேர்ந்து படிய வேண்டும். சிக்கலே அங்கேதான். ஒரு உலோகம் கரைசலிலிருந்து எவ்வளவு சுலபமாகப் படியும் என்பதைக் காட்டும் எண்தான் நியம மின்னழுத்தம். செம்பின் நியம மின்னழுத்தம் +0.34 வோல்ட், துத்தநாகத்தின் மின்னழுத்தம் −0.76 வோல்ட். வெறும் உப்புகளைக் கலந்து மின்சாரம் கொடுத்தால் செம்பு முந்திக்கொண்டு படியும், துத்தநாகம் கரைசலிலேயே நின்றுவிடும். சயனைடு செம்பு அயனியை இறுகப் பிடித்து அந்த 1.1 வோல்ட் இடைவெளியைச் சுருக்கிவிடும். பித்தளை முலாம் என்றாலே சயனைடுத் தொட்டி என்று ஆனது அதனால்தான். ஆனால் அந்தத் தொட்டியில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும், ஆளையே கொல்லும். அதை நான் தொடவே மாட்டேன்.

என் கரைசலில் பிடித்துவைக்கும் வேலையைப் பொட்டாசியம் பைரோபாஸ்பேட் என்ற உப்பு செய்கிறது. சிட்ரேட்டும் செய்யும். முன்பு ஒரு தடவை இரும்பை நேராகச் செம்பு சல்பேட்டில் போட்டேன். மின்சாரம் கொடுக்கும் முன்பே சிவந்துவிட்டது, துணியால் துடைத்ததும் அத்தனையும் கையோடு வந்துவிட்டது. செம்பு அயனி கட்டுப்பட்டிருந்தால் இரும்பின் மேல் அப்படிப் பாயாது.

சயனைடு அளவுக்குப் பைரோபாஸ்பேட்டின் பிடி இறுக்கம் இல்லை. அதனால் மின்சாரத்தை அளந்து கொடுக்க வேண்டும். அதற்குத்தான் இந்த ஹல் செல். 267 மில்லி பிடிக்கும் சரிவகத் தொட்டி, முதலில் காட்டிய தகடு அதில் சாய்வாக நிற்கும். நேர்முனைக்குப் பக்கத்து ஓரத்தில் மின்னோட்ட அடர்த்தி, அதாவது ஒரு சதுர அளவுக்குப் பாயும் மின்சாரம், அதிகம்; எதிர் ஓரத்தில் குறைவு. அடர்த்தி கூடக் கூட துத்தநாகம் அதிகம் படியும். மஞ்சள் பட்டை எங்கே விழுந்திருக்கிறதோ, அந்த அடர்த்திதான் எனக்கு வேண்டும். ஒரு சதுர டெசிமீட்டருக்கு 1 ஆம்பியர் வைத்தால், ஐந்து நிமிடத்தில் ஏறக்குறைய ஒரு மைக்ரான் ஏறும். அலங்கார வேலைக்கு அது தாராளம்.

ஒரு விஷயம், சயனைடு இல்லை என்பதற்காகத் தீர்ந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். செம்பு மீன்களுக்கு நஞ்சு. பைரோபாஸ்பேட்டும் சிட்ரேட்டும் அதைப் பிடித்தே வைத்திருப்பதால், காரம் சேர்த்தாலும் முழுதாக அடியில் படியாது. நான் மூடி போட்ட கேனில் சேர்த்து, பெயர் எழுதி, ரசாயனக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

சரி, மஞ்சள் பட்டை விழுந்த இடத்தின் மின்னோட்ட அடர்த்தியைக் குறித்துக்கொண்டேன். இப்போது இந்தச் சாவியை இறக்குகிறேன்.