மண்டபத்தின் பொலிவா, வருவோரின் வசதியா? – வருவோரின் வசதியே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, திருச்சியின் நாலா பக்கங்களிலிருந்தும் இந்த அரங்குக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

திருமணத்துக்கு மண்டபம் பார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மண்டபத்தின் பொலிவையா, வருவோரின் வசதியையா என்பது இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு. எனக்கு முன்னே பேசிய எதிரணித் தலைவர் பொலிவின் பக்கம் மூன்று காரணங்களைச் சொல்லி அமர்ந்தார். திருமணம் வாழ்வில் ஒருமுறை வருவது, அதனால் பெண்ணின் ஆசைப்படி மேடை அமைய வேண்டும் என்றார். சாப்பாடு அன்றோடு முடிந்துவிடும், புகைப்படமோ ஐம்பது ஆண்டு நிற்கும் என்றார். குடும்பத்தின் மதிப்பை ஊரார் மண்டபத்தை வைத்தே எடைபோடுகிறார்கள் என்றார். மூன்றுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஓர் அடிப்படைக் கேள்வியைக் கேட்கிறேன்: நாம் ஏன் மண்டபம் பிடிக்கிறோம்?

சட்டம் கேட்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது நம் மாநிலச் சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, சுயமரியாதைத் திருமணங்களுக்கு முழுச் சட்டத் தகுதியை அளித்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை மாற்றிக்கொண்டாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ அது திருமணம் என்கிறது அந்தப் பிரிவு. அப்படிப்பட்ட திருமணத்தை ஊரறிய நடத்தியாக வேண்டும் என்ற கட்டாயம் கூட இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கோயிலில் தாலி கட்டலாம், வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கட்டலாம், பதிவு அலுவலகத்தில் கையெழுத்திடலாம். தாலி கட்டுவதற்கு மூன்று முழம் இடம் போதும். அப்படியிருக்க, ஆயிரம் பேர் அமரும் கூடத்துக்கு ஆறு மாதம் முன்பே அலைந்து, முகூர்த்த நாள் கிடைக்காமல் தவித்து, வாடகையும் அதன்மேல் 18 விழுக்காடு வரியும் கொடுத்து ஒரு மண்டபத்தை எதற்காக எடுக்கிறோம்? வருகிறவர்கள் அமர வேண்டும், கண்ணாரப் பார்க்க வேண்டும், வாயார வாழ்த்த வேண்டும், வயிறார உண்ண வேண்டும் என்பதற்காகத்தான். வருகிறவர் இல்லையென்றால் மண்டபமே தேவையில்லை. எவருக்காக ஒரு பொருளை எடுக்கிறோமோ அவருக்கு அது பொருந்துமா என்பதைத்தானே, நடுவர் அவர்களே, முதலில் பார்க்க வேண்டும்?

இது எங்கள் அணி புதிதாகக் கண்டுபிடித்த முறையும் அன்று. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு திருமணத்தைக் காட்டுகிறார். சங்க காலத் திருமணம் எப்படி நடந்தது என்று நமக்குக் காட்டும் மிகச் சில பாடல்களில் அது ஒன்று. அந்தத் திருமண வீட்டை அவர் எந்த வரிசையில் காட்டுகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். முதலில் வருவது உழுந்து கலந்து குழைய வைத்த உணவும், சோற்றுக் குவியலோடு ஓயாமல் நடக்கும் விருந்தும். அடுத்தது, வரிசையாகக் கால்கள் நட்ட குளிர்ந்த பெரிய பந்தல், அதாவது நிழல். அதன்பின் தரையில் கொண்டுவந்து பரப்பிய மணல், அதாவது வருகிறவரின் காலுக்கு இதம். பிறகு விளக்கு. கடைசியில்தான் தொங்கவிட்ட மாலைகள். சோறு, நிழல், தரை, வெளிச்சம் எல்லாம் அமைந்த பிறகே அலங்காரம் வருகிறது. மாலை வேண்டாம் என்று அந்தப் புலவர் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மாலைக்கு உரிய இடம் எது என்பதில்தான் எதிரணியோடு எங்களுக்கு வழக்கு.

இனிப் பந்திக்கு வருகிறேன். இதில் சற்று நேரம் எடுத்துக்கொள்ள நடுவர் அனுமதிக்க வேண்டும், ஏனெனில் மண்டபம் பார்க்கப் போகிறவர்களில் பலர் கண்ணால் பார்க்காமல் திரும்புகிற இடம் சாப்பாட்டுக் கூடம். மேல்தளத்தில் குளிரூட்டிய கூடம், ஆயிரம் நாற்காலி, மேடைக்குப் பின்னால் பளபளக்கும் சுவர் எல்லாவற்றையும் காட்டிய மேலாளர், 'கீழே டைனிங் இருக்கிறது' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார். கீழே இருநூற்றைம்பது பேர் அமரலாம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேருக்கு நான்கு பந்தி. இலை போட்டு, பரிமாறி, உண்டு, எழுந்து, இலை எடுத்து, மேசை துடைத்து அடுத்த பந்தி அமர முக்கால் மணி நேரம் ஆகும். ஆக, கடைசிப் பந்தி எழுவதற்கு மூன்று மணி நேரம். ஒன்பது மணிக்கு அலுவலகம் போக வேண்டியவர், பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டியவர், சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்கும் முதியவர், இவர்களெல்லாம் என்ன செய்வார்கள்? உண்டுகொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பார்கள். நிற்பவருக்குக் கூச்சம், உண்பவருக்கு விழுங்க முடியாத அவசரம். மூன்று தலைமுறை உறவை ஒரே காலையில் ஒருவர் இலையை ஒருவர் பார்த்து நிற்க வைத்துவிடுகிறோம். சமையல்காரர் கைப்பக்குவத்தில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும், 'கல்யாணத்தில் சாப்பாடு சரியில்லை' என்ற பேச்சு பெரும்பாலும் இப்படிப் பிறக்கிறது. எனவே மண்டபத்தில் நாற்காலியை எண்ணாதீர்கள், இலை விழும் இடத்தை எண்ணுங்கள் என்கிறேன்.

போய்ச் சேர்வதும் வசதிதான். இப்போது பெரிய மண்டபங்கள் பலவும் புறவழிச் சாலைகளின் ஓரத்துக்குப் போய்விட்டன. கார் வைத்திருப்பவருக்கு அது நல்லது. நிறுத்த இடம் தாராளமாக இருக்கும். முசிறியிலிருந்தும் லால்குடியிலிருந்தும் பேருந்தில் வந்து சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்குகிற உறவுக்காரருக்கு என்ன வழி? மொய் எழுத மடித்து வைத்திருந்த பணத்தில் ஒரு பங்கு ஆட்டோவுக்குப் போய்விடுகிறது. மாலை வரவேற்புக்கு வந்தால், கடைசிப் பேருந்தை எண்ணி எண்ணியே அவர் வரிசையில் நிற்கிறார். அந்த மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தபோதே, வசதி குறைந்த உறவினரை நாம் பாதி தள்ளி வைத்துவிட்டோம் என்பதுதான் உண்மை.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றையும் இந்த அவையில் சொல்ல வேண்டும். என் தம்பியின் திருமணத்துக்கு நாங்களும் பொலிவைப் பார்த்தே மண்டபம் பிடித்தோம். முகூர்த்தக் கூடம் முதல் மாடியில் இருந்தது. மின்தூக்கி உண்டு என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டோமே தவிர, அதில் ஏறிப் பார்க்கவில்லை. திருமணத்தன்று காலை அது ஓடவில்லை. என் அத்தைக்கு அப்போது எழுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். என் தாய் நோயில் கிடந்த ஆண்டுகளில் அந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகிறோம் என்றோம்; இத்தனை பேர் பார்க்க அப்படி வரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். தரைத்தளத்தில், படிக்கட்டின் அடியில் ஒரு நாற்காலியில் அமர்ந்தார். மேலே கெட்டிமேளம் முழங்கிய சத்தம் கேட்டபோது, கையில் வைத்திருந்த அட்சதையை அந்தப் படிக்கட்டை நோக்கித் தூவினாராம். அருகில் இருந்த பெண்மணி பிறகு எங்களிடம் சொன்னார். எதிரணித் தலைவர் ஐம்பது ஆண்டு நிற்கும் என்றாரே, அந்தப் புகைப்படத் தொகுப்பு எங்கள் வீட்டிலும் இருக்கிறது. மேடை மிக அழகாக விழுந்திருக்கிறது. தாலி கட்டும் படம் எதிலும் அத்தை இல்லை. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் என் தம்பி அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறான். படம் நிலைக்கும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் படத்தில் யார் யார் இருக்க வேண்டும் என்று முதலில் கேட்கச் சொல்கிறேன்.

இதைவிடப் பெரிய ஒன்றும் இருக்கிறது. நம் ஊரில் அதைப் பேசும்போது குரலைத் தாழ்த்தியே பேசுவோம். 2004ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், இதோ காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் கீற்றுப் பந்தலின் கீழே முகூர்த்தம் நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. வீடியோ படப்பிடிப்புக்கான மின் இணைப்பில் ஏற்பட்ட கசிவு கூரையில் பற்றியது என்று சொல்லப்பட்டது. வாழ்த்த வந்தவர்கள் குறுகிய வழியில் ஒரே நேரத்தில் இறங்கத் தவித்தார்கள். மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த அவையில் இருக்கும் மூத்தவர்களில் அன்று காலை அந்தச் செய்தி கேட்டு ஓடியவர்களும் இருக்கலாம். புண்ணைக் கிளறுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மண்டபம் பார்க்கப் போகும் நாம், மேடைக்கு என்ன நிறத் துணி கட்டலாம் என்று கேட்கிற அளவுக்கு, வெளியேற எத்தனை வழி உண்டு என்று கேட்பதில்லையே என்ற வருத்தத்தில் சொல்கிறேன். பக்கவாட்டுக் கதவுகளை மறைத்துப் பூத்திரை கட்டியிருக்கும் கூடங்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் கதவு திறக்குமா என்று தள்ளிப் பாருங்கள். இரண்டாவது படிக்கட்டு எங்கே இறங்குகிறது, அதில் பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தீயணைப்புக் கருவியில் ஒட்டியிருக்கும் தேதியைப் படியுங்கள். தீயணைப்புத் துறையின் சான்றைக் கேளுங்கள். அலங்காரத்துக்கு எவ்வளவு விளக்கு போடப் போகிறோம், அந்தச் சுமையை மண்டபத்தின் மின் இணைப்பு தாங்குமா என்று மின்பணியாளரையே நேரில் கேளுங்கள். வாழ்த்த வருகிறவர் உயிரோடு வீடு திரும்புவது வசதிகளிலெல்லாம் முதல் வசதி அல்லவா?

மதிப்பு பற்றிய வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் திருமணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு விதித்தது. எத்தனையோ குடும்பங்கள் மண்டப முன்பணத்தை விட்டுவிட்டு வீட்டுக் கூடத்திலும் குலதெய்வக் கோயிலிலும் தாலி கட்டின. அவர்களில் எந்தக் குடும்பத்தின் மதிப்பு குறைந்துபோனது? ஒன்றும் குறையவில்லை.

பெண்ணின் ஆசை என்றாரே, அதை நான் லேசாக எண்ணவில்லை. பெண்ணைப் பெற்றவள் நானும். ஒரு பெண் தன் மேடை அழகாக இருக்க வேண்டும் என்று விரும்புவதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அழகை வெளியிலிருந்து கொண்டுவர முடியும். பூ வாங்கலாம், துணி கட்டலாம், விளக்கு போடலாம். ஒரே நாளில் வெறும் சுவரை மலர்ச்சுவராக மாற்றித் தரும் கைகாரர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். குறுகிய படிக்கட்டை ஒரே நாளில் அகலமாக்க முடியுமா? நானூறு பெண்கள் வரும் இடத்தில் இரண்டே கழிவறை இருந்தால், முதல் நாள் இரவு இன்னும் ஆறு கட்ட முடியுமா? கைக்குழந்தையோடு வந்த தாய் பாலூட்ட ஒதுங்க அறையில்லாமல் மணமகள் அறை வாசலில் நிற்பாளே, அவளுக்கு அன்று காலை எங்கே அறை கட்டுவது? பிறகு சேர்த்துக்கொள்ளக் கூடியதைப் பிறகு பார்க்கலாம்; பிறகு சேர்க்கவே முடியாததைத்தான் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும். மகளின் ஆசையை நிறைவேற்றவும் இதுவே நல்ல வழி, ஏனெனில் பொலிவுக்காகவே வாங்கப்படும் கூடுதல் வாடகையை மிச்சப்படுத்தினால் அவள் கேட்கும் பூ அத்தனையையும் வாங்கித் தரலாம்.

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. இந்த அவையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோளை மட்டும் வைத்து அமர்கிறேன். தை பிறந்தால் உங்களில் பலர் மண்டபம் பார்க்கப் புறப்படுவீர்கள். போகும்போது உங்கள் குடும்பத்திலேயே வயதில் மூத்த அம்மாவையோ அத்தையையோ கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போங்கள். அவர் அந்தப் படியில் ஏறட்டும், பந்தி நாற்காலியில் அமர்ந்து பார்க்கட்டும், கைகழுவும் இடம் வரைக்கும் நடக்கட்டும், கழிவறைக்குப் போய் வரட்டும். அவர் திரும்பி வந்து 'இங்கேயே வைத்துக்கொள்ளலாம்' என்று சொன்ன பிறகு முன்பணத்தைக் கொடுங்கள். எங்கள் அத்தையை நாங்கள் அப்படி அழைத்துப் போகவில்லை. தீர்ப்பு சொல்லும்போது அந்தப் படிக்கட்டின் அடியில் இருந்த நாற்காலியையும் நடுவர் அவர்கள் நினைவில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.