ஃப்ரீசர் இல்லாமல் ஐஸ்கிரீம், கேமரா இல்லாமல் இலைப்படம்: கோடை ஆரம்பத்தில் வீட்டிலேயே செய்ய மூன்று விஷயம்

[காட்சி: ஜன்னல் வெயில். மேசையில் ஜிப் பைகள், ஐஸ் கட்டிகள், கல் உப்பு]

வணக்கம். கோடை தொடங்கி முதல் இரண்டு மூன்று வாரம்தான் சுகமாக இருக்கும், அதற்கப்புறம் வெயிலைத் திட்டவே நேரம் சரியாகிவிடும். திட்ட ஆரம்பிப்பதற்கு முன்னால் அதே வெயிலிடம் கொஞ்சம் வேலை வாங்கிக்கொள்வோம். முதலில் சாப்பிடும் விஷயம்.

ஒரு சின்ன ஜிப் பையில் அரை கப் பால், அரை கப் க்ரீம், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு சொட்டு வெனிலா. ருசி பார்த்தால் லேசாகத் திகட்ட வேண்டும், ஏனென்றால் சில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். காற்றை வெளியேற்றி மூடி, இன்னொரு சின்னப் பைக்குள் போட்டு அதையும் மூடுங்கள். பெரிய பையில் பாதி வரைக்கும் ஐஸ், கூடவே அரை கப் கல் உப்பு. சின்னப் பையை நடுவில் புதைத்து, பெரிய பையை மூடி, துண்டில் சுற்றிக்கொண்டு பத்து நிமிடம் விடாமல் குலுக்குங்கள். துண்டு கட்டாயம் வேண்டும், வெறும் கையால் பிடித்தால் தோல் மரத்துப்போய் எரியும்.

[காட்சி: உப்பு பட்ட ஐஸ், அருகே தெர்மாமீட்டர்]

உப்பு எதற்கு? வெறும் ஐஸ் உருகும்போது 0 டிகிரி செல்சியஸிலேயே நிற்கும். ஆனால் சர்க்கரை கரைந்த பால் உறைவதற்கு அதைவிடக் குளிர் வேண்டும். உப்பு சேர்ந்தால் ஐஸ் 0 டிகிரிக்குக் கீழேயும் உருகத் தொடங்குகிறது; உருகுவதற்குத் தேவையான வெப்பத்தைப் பக்கத்தில் இருக்கும் பாலிடமிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. உப்பும் ஐஸும் சரியான அளவில் கலந்தால் சுமார் மைனஸ் 21 டிகிரி வரை போகும். நம் பையில் அவ்வளவு போகாது, தேவையும் இல்லை. குலுக்குவது ஏன் என்றால், சும்மா விட்டால் பெரிய பெரிய ஐஸ் துகள்களாக உறைந்து வாயில் மணல் மாதிரி நெருடும்.

ஒன்றே ஒன்று: திறப்பதற்கு முன்னால் சின்னப் பையின் வெளிப்பக்கத்தைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவிவிடுங்கள். முதல் தடவை நான் கழுவாமல் திறந்தேன், உப்புத் தண்ணீர் உள்ளே சொட்டி, பத்து நிமிட உழைப்பும் ஒரு வாய்க்குமேல் இறங்கவில்லை.

இது புதுத் தந்திரம் ஒன்றும் இல்லை. 1843-இல் அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி, கையால் சுற்றும் ஐஸ்கிரீம் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார்; அதிலும் வெளி வாளியில் இதே ஐஸும் உப்பும்தான்.

[காட்சி: கலர் பேப்பர் மேல் இலை, அதன் மேல் கண்ணாடி]

அதே 1843-இல் இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை ரசாயனம் தடவிய காகிதத்தில் வைத்து, வெயிலில் காட்டி, நீலப் படங்களாக வெளியிடத் தொடங்கினார். கேமரா கிடையாது! நமக்கு ரசாயனமும் வேண்டாம். மலிவான அடர்நிறக் கலர் பேப்பர் போதும், நல்ல பேப்பர் இதற்கு உதவாது, ஏனென்றால் நிறம் வெளுப்பதுதான் இங்கே வேலையே. தட்டையான இலையை வைத்து, மேலே கண்ணாடியை அழுத்தி, உச்சி வெயிலில் மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள் சாயத்தைச் சிதைக்கும், இலை மறைத்த இடம் மட்டும் பழைய நிறத்திலேயே இருக்கும். விளிம்பு கொஞ்சம் மங்கலாகத்தான் வரும், எனக்கு அதுதான் பிடிக்கும். சுவரில் ஒட்டாதீர்கள், மிச்ச நிறமும் வெளுத்துவிடும். நான் இதை அழைப்பிதழாக மடித்துக் கொடுத்துவிடுவேன்.

எதற்கு அழைப்பு? ஆண்டின் நீண்ட பகலுக்கு. பூமியின் வட பாதியில் அது ஜூன் 20 அல்லது 21, தென் பாதியில் டிசம்பர் 21 அல்லது 22. உலகில் பல இடங்களில் நெருப்பு மூட்டியும் பூச்சூடியும் கொண்டாடும் நாள். ஆனால் அன்றைக்குத்தான் வெயில் உச்சம் என்று நினைக்காதீர்கள், நிலமும் கடலும் சூடேற நாளாகும், அதனால் பல இடங்களில் கடும் வெக்கை அதற்குச் சில வாரம் கழித்துத்தான் வரும்.

[காட்சி: மாலை வெளிச்சத்தில் சாப்பாட்டு மேசை]

எங்கள் கொண்டாட்டம் ரொம்ப எளிது. அன்று ராத்திரிச் சாப்பாட்டை வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பித்து, விளக்கே போடாமல் இருட்டும் வரை பேசிக்கொண்டிருப்போம், நடுவில் ஆளுக்கு ஒரு பை ஐஸ்கிரீம், அவரவர் குலுக்கினது அவரவருக்கு. யார் முதலில் “லைட்டைப் போடு” என்கிறார்களோ, அன்றைக்குப் பாத்திரம் அவர்கள் பொறுப்பு.